பன்னும் அப்பாவும்: கொஞ்சம் நீளமான த்ரெட், டீ எடுத்துட்டு வாங்க

போன ஞாயித்துக்கிழமை வீட்ல சுட்ட பன் போட்டோ ஒண்ணு போட்டேன். நான் இதுவரை எழுதின எந்த டெங்கு த்ரெட்டுக்கும் இவ்ளோ கேள்வி வந்ததில்ல. "எப்டி டாக்டர் இவ்ளோ சாஃப்ட்டா வருது?" "ரெசிபி ப்ளீஸ்." "மைதாவா? டாக்டர் நீங்களேவா?" எல்லாத்துக்கும் சேர்த்து இங்கயே எழுதிடறேன். ரெசிபி மட்டும் போதும்னா நேரா கீழ இறங்கிப் போயிடுங்க, கோச்சிக்க மாட்டேன். ஆனா நான் பன் சுட ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது சமையல் ஆசை இல்ல.

நம்ம ஊர்ல பன்னும் பிரட்டும் நோயாளி ஆகாரம். காய்ச்சல்னா பால்ல நனைச்ச பிரட். ஆஸ்பத்திரிக்குப் பாக்க வர்றவங்க கைல சாத்துக்குடி, கூடவே ஒரு பிரட் பாக்கெட். "லேசா எதாவது குடுங்க"ன்னு நாங்க சொன்னா, வெளிய டீக்கடைல டீயும் பன்னும் வாங்கிட்டு வருவாங்க. மெத்துனு இருக்கறது எல்லாமே உடம்புக்கு ஆபத்தில்லாததுன்னு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்துச்சு.

சர்வீஸ்ல சேர்ந்த புதுசு. ஒரு நைட் டூட்டி. அறுபது வயசு மனுஷர், வலது கை கால் வரல, வாய் கோணி பேச்சு குழறுது. பக்கவாதம். சாயங்காலமே ஆரம்பிச்சிருக்கு, "தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்"னு விட்டுட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ரத்தக்கட்டியக் கரைக்கற ஊசிக்கு இருக்கற நாலரை மணி நேரம் தாண்டிப் போச்சு. ஸ்கேன் எடுத்து, அட்மிஷன் போட்டு, கூட இருந்த அவர் மனைவிகிட்ட "சாப்பாடு எதுவும் குடுக்காதீங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த கேஸுக்குப் போயிட்டேன்.

காலைல ஆறு மணிக்கு சிஸ்டர் ஓடி வந்து கூப்பிட்டாங்க. அவருக்கு மூச்சுத் திணறல், உதடு நீலம். சக்ஷன் போட்டா டீல ஊறின பன் துண்டு துண்டா வருது. அந்தம்மா நடுங்கிக்கிட்டே சொன்னாங்க: "டாக்டரம்மா, நீங்க சொன்ன மாதிரி சாப்பாடே குடுக்கலம்மா. வெறும் வயிறா இருக்காரேன்னு ஒரு பன்னு மட்டும் டீல நனைச்சு ஊட்டுனேன்."

அவங்க சொன்னது சத்தியம். நம்ம ஊர்ல சாப்பாடுன்னா சோறு. டீயும் பன்னும் சாப்பாட்டுக் கணக்குலயே வராது. நான் கேஸ் ஷீட்ல இங்கிலீஷ்ல மூணு எழுத்துல 'வாய் வழியா எதுவும் கூடாது'ன்னு சரியாத்தான் எழுதிருந்தேன். அந்த மூணு எழுத்த அந்தம்மாவுக்கு யார் படிச்சுக் காட்டுறது? தப்பு என்னோடது. அவர் நுரையீரல்ல நிமோனியா வந்து பதினோரு நாள் ஐசியூல கிடந்தார். பொழைச்சுட்டார். ஆனா அந்த பதினோரு நாளும் அந்தம்மா என்னைப் பாக்கும்போதெல்லாம் தலையக் குனிஞ்சுக்குவாங்க. தப்பு பண்ணது நீங்க இல்லன்னு ரெண்டு தடவ சொன்னேன். அவங்க நம்பின மாதிரி தெரியல.

அதுலேர்ந்து நான் சொல்ற வாக்கியமே வேற. "தண்ணி, டீ, பால், பன், பிரட், பிஸ்கெட், மாத்திரை, எதுவுமே வாய்ல வைக்கக் கூடாது. நான் வந்து முழுங்க வெச்சுப் பாத்துட்டு சொல்ற வரைக்கும்." ஒவ்வொண்ணாப் பேர் சொல்லித்தான் சொல்வேன்.

ஏன்னு கேட்டீங்கன்னா: நாம முழுங்கும்போது மூச்சுக்குழாய் ஒரு நொடி மூடிக்கணும். பக்கவாதத்துல அந்த ஒத்திசைவு கெட்டுப் போறது ரொம்ப சகஜம். சில பேருக்கு இருமல் கூட வராது, சத்தமில்லாம நுரையீரலுக்குள்ள போயிடும். இதுல பிரட் ஒரு தந்திரக்காரன். கைல பஞ்சு மாதிரி இருக்கும். வாய்க்குள்ள போனா எச்சில உறிஞ்சிக்கிட்டு பிசின் மாதிரி ஒட்டும். நல்லா மென்னு, நாக்கால உருட்டி, ஒரே தள்ளா தள்ளணும். டீல நனைச்சா இன்னும் மோசம், கெட்டியும் தண்ணியும் கலந்தே வரும். தண்ணி முன்னாடி ஓடும், பன் பின்னாடி நிக்கும். சாகக் கிடக்கறவங்களுக்கு ஆசையா ஊட்டற அதே பண்டம்.

சரி, அப்பா கதைக்கு வர்றேன்.

அப்பா பஸ் கண்டக்டர். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னா காலைல நாலரைக்கு டிப்போவுக்கு எதிர்ல இருக்கற டீக்கடைல ஒரு டீ, ஒரு பன். முப்பது வருஷத்துக்கும் மேல. லீவு நாள்ல என்னையும் கூட்டிட்டுப் போவார். கண்ணாடி டப்பாக்குள்ள இருக்கற பன்ல ஒண்ணு எடுத்துக் கட்டை விரலால அமுக்கிப் பாப்பார். "அமுக்கினா எந்திரிக்கணும் பாப்பா. எந்திரிக்கலன்னா நேத்திக்கு உள்ளது." கடைக்காரர் முறைப்பார். அப்பா கண்டுக்க மாட்டார்.

ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்கும் வந்துச்சு. அம்மா வாய் கோணினதப் பாத்த உடனே எனக்கு போன் பண்ணிட்டாங்க, ஒண்ணேகால் மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தோம். ஊசி போட்டாங்க. கால் நல்லாவே திரும்புச்சு, கை பாதி. முழுங்கறது மட்டும் வரல. பத்தொம்போது நாள் மூக்குல டியூப். டியூப எடுத்த அன்னிக்கு அவர் குழறிக் குழறிக் கேட்ட முதல் விஷயம், "ப... பன்னு."

முடியாதுன்னுட்டேன். அவருக்குக் கோவம். பேச்சு வராததுனால இடது கையால கட்டில் கம்பிய டங்கு டங்குன்னு அடிச்சார். அம்மா "ஒரு துண்டு குடுத்தாதான் என்ன, மெத்துனுதானே இருக்கு"ன்னாங்க. எனக்கு அந்தக் காலைல ஆறு மணிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

ஸ்பீச் தெரபிஸ்ட் படிப்படியா ஏத்தினாங்க. முதல்ல கெட்டியான கூழ். அப்புறம் மசிச்ச பழம், குழைஞ்ச பருப்பு சாதம், சாம்பார்ல ஊறவிடாம தயிர்ல மசிச்ச இட்லி. நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் "இப்ப மென்மையான பன் சின்னத் துண்டா முயற்சி பண்ணலாம்"னாங்க. நிபந்தனைகள்: நிமிர்ந்து உக்காரணும், நகம் அளவு துண்டு, வெண்ணெய் தடவி ஈரமா இருக்கணும், மேல் ஓடு தடிமனா இருக்கக் கூடாது, டீல நனைக்கக் கூடாது, ஒரு துண்டு முழுசா இறங்கின பிறகுதான் அடுத்தது. (இது எங்க அப்பாவப் பரிசோதிச்சு அவருக்குச் சொன்னது. உங்க வீட்ல இருக்கறவங்களுக்கு அவங்களப் பாக்கறவங்க சொல்லணும். இந்த த்ரெட்டப் படிச்சுட்டு ஆரம்பிச்சுடாதீங்க.)

கடை பன் வாங்கிப் பாத்தேன். காலைல நல்லா இருக்கும், மதியம் வறண்டுடும். மேல் தோல் இழுபடும். ஒண்ணு மேல் அண்ணத்துல ஒட்டி அவர் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரிதான் ஓடிஜி ஆர்டர் பண்ணேன்.

முதல் பன்: கல்லு. ஈஸ்ட்ட கொதிச்சு இறக்கின பால்ல போட்டுட்டேன். ஈஸ்ட் உயிருள்ள பூஞ்சை, 55 - 60 டிகிரிலயே செத்துடும். தடுப்பூசிய 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வெக்கணும்னு தெர்மாமீட்டர் பாத்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடற ஆளு நான். வீட்ல ஒரு ஸ்பூன் ஈஸ்ட்டக் காப்பாத்த முடியல.

ரெண்டாவது: வெளிநாட்டு வீடியோ ஒண்ணப் பாத்து "ரெண்டு மணி நேரம் வெதுவெதுப்பான இடத்துல வைக்கவும்"ங்கறத அப்டியே நம்பினேன். அவங்க சமையலறை 20 டிகிரி. எங்க வீட்டு அடுப்படி மே மாசம் 35. ரெண்டு மணி நேரத்துல மாவு பொங்கி, புளிச்சு, கள்ளு வாடை அடிச்சு அமுங்கிப் போச்சு. நம்ம ஊர்ல மாவு பிசைய வெதுவெதுப்பான தண்ணியே வேணாம். சாதாரணப் பால் போதும். வெயில் காலத்துல ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த பாலே நல்லது.

மூணாவதுல பண்ண தப்புதான் முக்கால்வாசிப் பேர் பண்றது. மாவு கைல ஒட்டுதேன்னு மேல மேல மைதா தூவினேன். சப்பாத்தி மாவு பிசைஞ்சு பழகின கை, ஒட்டினா பதறுது. ஆனா பன் மாவு ஒட்டத்தான் செய்யும். மெத்துனு வர்றது பெரும்பாலும் தண்ணியாலதான். நீங்க தூவற ஒவ்வொரு பிடி மாவும் அந்தத் தண்ணியக் குடிச்சுடும். ஒட்டினா கைய நனைச்சுக்கோங்க, இல்ல லேசா எண்ணெய் தொட்டுக்கோங்க. மாவு தூவாதீங்க.

இப்ப ரெசிபி. இது 9 பன்னுக்கு.

மொத்தம் 300 கிராம் மைதா. அதுல 20 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணில கட்டி இல்லாம கரைச்சு, சின்னத் தீயில கிண்டிக்கிட்டே இருங்க. பசை காய்ச்சற மாதிரிதான். சுவர்ல போஸ்டர் ஒட்ட காய்ச்சுவாங்களே, அதே. கரண்டி போன தடம் அடில தெரியற பதம் வந்த உடனே இறக்கிடணும், சுமார் 65 டிகிரி. அந்த சூட்டுல மாவுச்சத்து தண்ணிய உறிஞ்சி வீங்கிப் பிடிச்சு வெச்சுக்கும், சுட்ட பிறகும் லேசுல விடாது. அதனாலதான் பன் மறுநாளும் மெத்துனு இருக்கு. கிழக்காசியாவுல இதை டாங்சோங்னு சொல்றாங்க. தைவான்காரர் ஈவான் சென் எழுதின '65 டிகிரி பிரட் டாக்டர்'ங்கற புத்தகத்தாலதான் இந்த முறை ரொம்பப் பிரபலமாச்சு. பேர்லயே டாக்டர் இருக்கறதப் பாத்து ஒரு சின்ன சந்தோஷம்.

அந்தப் பசை நல்லா ஆறணும். சூடா சேத்தா மறுபடி ஈஸ்ட் கொலை. ஆறினதும் மீதி 280 கிராம் மைதா, 110 மில்லி பால், 25 கிராம் சர்க்கரை, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் (ஒரு டீஸ்பூனும் கொஞ்சமும்), 5 கிராம் உப்பு. கலந்து, பிசையாம அப்டியே மூடி 20 நிமிஷம் விடுங்க. இந்த 20 நிமிஷத்துல பாதி வேலை தானா நடந்துடும். மைதால இருக்கற ரெண்டு புரதம் தண்ணியோட சேர்ந்து குளூட்டன் வலை பின்னிக்கும். பரோட்டா மாஸ்டர் மாவப் பிசைஞ்சு ஈரத்துணி போட்டு ஊற வைக்கறாரே, எதுக்கு? இதுக்குத்தான். நம்ம ஊருக்கு இது புதுசே இல்ல.

அப்புறம் 30 கிராம் வெண்ணெய கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கிட்டே பிசையணும். கையால 12 - 15 நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷம் கேவலமா இருக்கும், எல்லாம் பாழாயிடுச்சுன்னு தோணும். தாண்டிட்டா மாவு திடீர்னு பட்டு மாதிரி ஆயிடும். ஒரு துண்டக் கிள்ளி ரெண்டு கையாலயும் மெல்ல விரிச்சுப் பாருங்க. கிழியாம, பின்னாடி இருக்கற விரல் மங்கலாத் தெரியற அளவுக்கு மெலிசா வந்தா போதும்.

பாத்திரத்துல எண்ணெய் தடவி மூடி வைங்க. நம்ம வெயிலுக்கு 45லேர்ந்து 60 நிமிஷம், ரெண்டு மடங்கு ஆகற வரைக்கும். கடிகாரத்த விட மாவப் பாருங்க. காத்த இறக்கி, 9 உருண்டை, ஒண்ணு 60 கிராம் சுமாருக்கு வரும். எட்டு இஞ்ச் சதுர டிரேல மூணு மூணா, நடுவுல ஒரு விரல் இடம் விட்டு அடுக்குங்க. பொங்கி வரும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டின பக்கத்துல ஓடு பிடிக்காது, பிச்சா நார் நாரா வரும். தனித்தனியா வெச்சு சுட்டா சுத்தி ஓடு வந்துடும்.

இன்னொரு 30 - 40 நிமிஷம் பொங்க விடணும். எப்ப அடுப்புல வைக்கறதுன்னு கண்டுபிடிக்க, கால் வீக்கம் பாக்கற மாதிரிதான் நான் பாக்கறேன். விரலால லேசா ஒரு அமுக்கு. பள்ளம் உடனே எகிறி வந்துட்டா இன்னும் நேரம் இருக்கு. மெதுவா பாதி வந்து நின்னா இப்பவே அடுப்புல வைங்க. வரவே இல்லன்னா லேட் பண்ணிட்டீங்க, உள்ள இருக்கற காத்து தாங்காது, அடுப்புல அமுங்கும்.

மேல பால் தடவி, முன்னாடியே சூடாக்கின ஓடிஜில 180 டிகிரி, 18 - 20 நிமிஷம். பொன்னிறம் வந்தா எடுத்துடுங்க. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டுமே"ங்கற ஆசதான் ஓட்டக் கல்லாக்குது. வெளிய எடுத்த உடனே மேல வெண்ணெய் தடவி, சுத்தமான துணி போட்டு மூடுங்க. உள்ள இருக்கற ஆவி மேல் ஓட்ட இளக்கிடும். அப்பா மாதிரி ஆளுக்கு இந்த துணி போடற வேலைதான் ரொம்ப முக்கியம். ஓடிஜி இல்லாதவங்க குக்கர்ல கேஸ்கெட், வெயிட் எடுத்துட்டு, அடில உப்பு பரப்பி, ஸ்டாண்ட் மேல டிரே வெச்சு சின்னத் தீயில 30 நிமிஷம் சுடலாம். நிறம் வராது, மெத்துனு வரும். குக்கருக்குள்ள போற அளவு வட்ட டிரே எடுத்துக்கோங்க.

ஒரு எச்சரிக்கை, ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. பிரட் கெட்டியாகறது காஞ்சு போறதுனால மட்டும் இல்ல, வீங்கின மாவுச்சத்து மறுபடி படிகமா இறுகறதுனால. அந்த வேலை ஃபிரிட்ஜ் குளிர்லதான் வேகமா நடக்கும். டப்பால மூடி வெளிய ஒரு நாள், மிஞ்சினா ஃப்ரீசர். ஆவில காட்டினா மறுபடி இளகிடும். நாம ப்ரிசர்வேடிவ் எதுவும் போடல, அதனால நம்ம ஊர் ஈரத்துல மூணாம் நாள் பூஞ்சை வரலாம். வந்தா ஓரத்தக் கிள்ளிப் போட்டுட்டு மீதிய சாப்பிடாதீங்க. கண்ணுக்குத் தெரியாம உள்ள பரவியிருக்கும்.

இப்ப மைதா பஞ்சாயத்து. "மைதால அலாக்சான் இருக்கு, அது சர்க்கரை வியாதிய வரவைக்கும்"னு பத்து வருஷமா வாட்ஸப்ல சுத்துது. அலாக்சான் ஆய்வகத்துல எலிக்கு ஊசியாப் போட்டு சர்க்கரை வரவைக்கறதுக்குப் பயன்படுத்தற ரசாயனம், அது உண்மை. அதை யாரும் மைதால கொட்டறதில்ல. மைதா சாப்பிட்டு அலாக்சானால மனுஷனுக்கு சர்க்கரை வந்ததுக்கு ஆதாரமும் இல்ல. பிரட்ல போட்டுக்கிட்டிருந்த பொட்டாசியம் புரோமேட் பத்தின கவலை நியாயமானது, அதை 2016ல நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை பண்ணியாச்சு.

அதுக்காக மைதா நல்லதுன்னு சொல்ல வரல. நார்ச்சத்து ரொம்பக் கம்மி, வேகமா சர்க்கரையா மாறும். என்னோட ஒரு பன்ல கிட்டத்தட்ட 28 கிராம் மாவுச்சத்து. அப்பாவுக்கு சர்க்கரை உண்டு. அதனால வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு பன், அன்னிக்குக் காலைல ஒரு இட்லி கம்மி. கோதுமை மாவுல பண்ணலாமேன்னு கேட்டவங்களுக்கு: மூணுல ஒரு பங்கு வரைக்கும் கலக்கலாம், பால் ரெண்டு ஸ்பூன் கூட வேணும். முழுக்க கோதுமைன்னா தவிடு குளூட்டன் வலைய அறுத்துடும், உதிரியா வரும். உதிர்றதுதான் அப்பாவுக்கு ஆபத்து, அதனால நான் கலக்கறதில்ல.

அஞ்சாவதோ ஆறாவதோ தடவைலதான் சரியா வந்துச்சு. நைட் டூட்டி முடிஞ்சு வந்து, தூங்காம, காலைல பத்து மணிக்கு சுட்டேன். அப்பா நாற்காலில நிமிர்ந்து உக்காந்திருந்தார். தட்ட வெச்சேன். வாய்ல வைக்கல. இடது கை கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கினார். விட்டார். பாத்தார்.

"எந்திரிக்குது."

அந்த ஒரு பன்ன முடிக்க இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அம்மா ஒரு ஓரத்துல நின்னு ஒவ்வொரு துண்டையும் எண்ணிக்கிட்டிருந்தாங்க. நான் அவர் தொண்டையையே பாத்துக்கிட்டிருந்தேன், மேல போய் கீழ இறங்குதான்னு. ஒரு தடவ இருமினார். நான் சேர்லேர்ந்து எந்திரிச்சுட்டேன். "உக்காரு"ன்னு கைய ஆட்டினார். முடிச்சுட்டு சொன்னது ஒரே வார்த்தை, "உப்பு." உப்பு கம்மியாம். ரெண்டு பிளட் பிரஷர் மாத்திரை போடற மனுஷன். அப்டித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்.

இப்ப ஒண்ணரை வருஷமா ஞாயிறும் வியாழனும் பன் நாள். நான் டூட்டில இருந்தா அம்மாவே சுடறாங்க, என்னை விட நல்லா. அவங்க எடை எல்லாம் போடறதில்ல, எல்லாம் கைப்பக்குவம்தான், கேட்டா "உனக்குப் புரியாது"ங்கறாங்க. நேத்து சுட்டதுக்கு அப்பா குடுத்த தீர்ப்பு: "டீ எங்க?"

பன் முழுசா இறங்கி, வாயக் கொப்பளிச்ச பிறகுதான் டீன்னு அம்மா சொல்லிட்டாங்க. முறைச்சார். அம்மா கண்டுக்கல.